நோன்பு ஒருவருக்கு, அடுப்பு ஒருவருக்கு

சென்ற ஆண்டு தை மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹோட்டலுக்குப் போவதில்லை, வீட்டிலேயே சமைத்துச் சாப்பிடுவது. என் கணவருக்குச் சர்க்கரை கூடியிருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணமும் எதிரே நின்றது. யாரும் மறுப்புச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ‘முடிவு எடுக்கப்பட்டது’ என்று செயப்பாட்டு வினையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்த முடிவை எடுத்தது யார் என்று இப்போது யோசித்தால் தெளிவாக நினைவில்லை. நிறைவேற்றியது யார் என்பது நன்றாக நினைவிருக்கிறது.

முதல் மாதம் முடிந்ததும் கணவர் கணக்குப் போட்டார். என் அம்மாவையும் சேர்த்து வீட்டில் ஐந்து பேர். ஹோட்டலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு 1,400 ரூபாய் ஆகும். வீட்டில் கோழி வாங்கிக் குழம்பும் வறுவலும் வைத்தால் 500 ரூபாய். வாரம் 900 மிச்சம், மாதம் 3,600. உற்சாகமாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா, அவர் உள்ளே போகும்வரை காத்திருந்து, மெதுவாக என்னிடம் சொன்னார்: “மாப்பிள்ளை கணக்கு சரிதான்த்தா. ஆனா அதுல நீ அடுப்படியில நின்ன நேரத்தக் காணோமே.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். கறிக்கடையில் நிற்பது, கழுவுவது, மசாலா அரைப்பது, சமைப்பது, பரிமாறுவது, பாத்திரம் துலக்குவது, அடுப்பு மேடையைத் துடைப்பது எல்லாம் சேர்ந்து நாலரை மணி நேரம். மாதத்துக்கு 18 மணி நேரம். 3,600-ஐ 18-ஆல் வகுத்தால் மணிக்கு 200 ரூபாய். அந்தப் பணம் என் உழைப்பின் கூலி என்று எங்கும் எழுதப்படவில்லை. குடும்பத்தின் சேமிப்பு என்று எழுதப்பட்டது.

இது எங்கள் வீட்டுக் கதையாக மட்டும் இருந்தால் ஒரு கட்டுரைக்குத் தேவையில்லை. வெளியில் உண்பதை விடுவதென்று ஒருவர் உறுதி எடுப்பதும், அந்த உறுதிக்காக இன்னொருவர் அடுப்பு மூட்டுவதும் நம் மொழியில் மிகப் பழைய கதை. அதைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

கோவலனின் நோன்பு

சமைத்த உணவை விலைக்கு விற்பதும் வாங்கி உண்பதும் நேற்று வந்த பழக்கம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சங்க இலக்கியம் அப்படிச் சொல்லவில்லை. மதுரைக்காஞ்சி காட்டும் மதுரைக் கடைத்தெருவில் கூவியர் இருக்கிறார்கள். கூவியர் என்றால் அப்பம் சுட்டு விற்பவர்கள். நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், விற்று முடித்த களைப்பில் அவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கி வழிவதைப் புலவர் மாங்குடி மருதனார் பார்த்திருக்கிறார். சிலப்பதிகாரத்தின் புகார் நகர வீதியில் பிட்டு விற்பவரும் அப்பம் விற்பவரும் கள் விற்கும் பெண்களும் வரிசையாக வருகிறார்கள். ஆக, உணவு விற்கும் தெருவும் அதில் பெண்களும் தொடக்கத்திலிருந்தே இருக்கிறார்கள்.

ஆனால் இலக்கியம் கொண்டாடும் சமையல் தெருவில் நடப்பதில்லை. குறுந்தொகையின் 167-ஆம் பாடலை வகுப்பில் நடத்தாத தமிழாசிரியர் இருக்க முடியாது. புதிதாக மணமான பெண் தயிர் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும் புகை மை தீட்டிய கண்ணில் ஏறுகிறது. கணவன் உண்டுவிட்டு இனிது என்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. இதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பெற்ற தாயிடம் சொல்பவள் செவிலித்தாய். பெண் நன்றாக வாழ்கிறாள் என்பதற்கு அவள் கொண்டுவரும் சான்று அந்தப் புகையும் அந்த ஒரு சொல்லும்தான். இருபது ஆண்டுகளாக இந்தப் பாடலை நடத்துகிறேன். ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள்: “அவ சாப்பிட்டாளா மேடம்?” பாடலில் அதற்குப் பதில் இல்லை.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் இன்னும் தெளிவான ஓர் இடம் இருக்கிறது. மதுரைக்கு வெளியே ஆயர் சேரியில் மாதரியின் வீட்டில் கோவலனும் கண்ணகியும் தங்குகிறார்கள். கோவலன் சாவக நோன்பி, அதாவது இல்லறத்தில் இருந்தபடியே சமண நெறி காப்பவன். ஆகவே அவனுக்கான உணவைத் தனியாக ஆக்க வேண்டும் என்று சொல்லி, நல்ல கலங்களையும் காய்களையும் அரிசியையும் கொடுக்கச் செய்கிறாள் மாதரி. மாதரியின் மகள் ஐயை உதவிக்கு நிற்கிறாள். கண்ணகி காய் அரிகிறாள், விரல் சிவக்கிறது. முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. ஓலைத் தடுக்கில் கணவனை உட்கார்த்தி, கால் கழுவி, வாழையிலை விரித்துப் பரிமாறுகிறாள். அவன் உண்டுவிட்டுச் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போகிறான். திரும்பி வரவில்லை.

இந்தக் காட்சியைக் கற்பின் மேன்மைக்குச் சான்றாகவே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு இப்போது கண்ணில் படுவது வேலைப் பிரிவினை. நோன்பு கோவலனுடையது. விரல் சிவந்தது கண்ணகிக்கும், உடன் நின்ற ஐயைக்கும்.

ஹோட்டலுக்குள் நுழையப் போட்ட சண்டை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு நகரங்களில் காபி கிளப்புகளும் ஹோட்டல்களும் பெருகின. வேலைக்கும் வழக்குக்கும் படிப்புக்கும் ஊர்விட்டு வந்த ஆண்களுக்கு ரயிலும் நகரமும் புதிய வாழ்க்கையைக் கொடுத்தன, பசியையும் கொடுத்தன. யார் கையால் சமைத்ததை யார் உண்பது, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற சாதிக் கேள்வி ஹோட்டல் வாசலிலும் வந்து நின்றது. சில ஹோட்டல்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் அப்படியே. சுயமரியாதை இயக்கத்தார் இதைத் தொடர்ந்து எதிர்த்தார்கள். 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஹோட்டலின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரி, பெரியாரின் அழைப்பில் மாதக்கணக்காக மறியல் நடந்தது. தொண்டர்கள் நாள்தோறும் கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் பலகையிலிருந்து போனது. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைக்கும் கொடுமை அதற்குப் பிறகும் நீண்ட காலம் நீடித்தது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், ‘ஹோட்டல் சாப்பாட்டை விட்டுவிடு’ என்ற அறிவுரை எல்லோருக்கும் ஒரே பொருள் தருவதில்லை. முதலில் உள்ளே விட்டால்தானே விடுவதற்கு? நம் அரசியல் சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள் ஆகியவற்றுக்குள் செல்வதில் எந்தக் குடிமக்களையும் தடுக்கக் கூடாது என்று 15-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு பெயர் சொல்லியே கூறுகிறது. அது பட்டியலிடும் காரணங்கள் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம். ‘பால்’ என்ற சொல்லை நாம் வேகமாகப் படித்துவிட்டுப் போகிறோம். ஒரு பெண் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது 1950-இல் அரசியல் சட்டம் பாதுகாக்க வேண்டிய விஷயமாக இருந்தது.

சட்டம் வந்ததும் நாற்காலி கிடைத்துவிடவில்லை. என் அம்மா முதல்முதலாக ஹோட்டலில் சாப்பிட்டது 1975-இல், கல்யாணப் பட்டு எடுக்க மதுரைக்கு வந்தபோது. அப்போது அவருக்கு 22 வயது. ஆண்கள் கூடத்தில் உட்கார, பெண்களை ‘ஃபேமிலி ரூம்’ என்று எழுதிய தடுப்புக்குள் அனுப்பினார்கள். மரச் சட்டம் வைத்து அடைத்த சின்ன அறை, வாசலில் ஒரு துணித் திரை. குடும்பம் என்ற சொல்லுக்கு அந்த ஹோட்டலில் பெண்கள் என்று பொருள். அம்மாவுக்கு அந்தத் திரை நினைவில் இல்லை. நினைவில் இருப்பது வேறு. “இல பக்கத்துல ஒருத்தர் வாளியோட வந்து நின்னு, இன்னுங் கொஞ்சம் சாம்பார் வேணுமாம்மான்னு கேட்டாரு. அதுவரைக்கும் என்னைய யாரும் அப்படிக் கேட்டதில்ல.”

திரைக்கு உள்ளே பெண் உட்கார்ந்த அதே காலத்தில், ஹோட்டல் சமையலறைக்குள்ளும் ஒரு திரை இருந்தது. வீட்டில் சமைப்பவர் பெண் என்றால் ஹோட்டலில் சமைப்பவர் ஆண். அவருக்கு ‘மாஸ்டர்’ என்று பட்டம். சரக்கு மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர் என்று அதற்குள் பிரிவுகளும் உண்டு. காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் பின்கட்டில் குறைந்த கூலிக்குப் பெண்கள் இருந்தார்கள். கூலி இல்லாதவரை சமையல் பெண்ணின் இயல்பு, கூலியும் பட்டமும் வந்ததும் ஆணின் தொழில் என்ற இந்த ஏற்பாட்டை இன்றைக்கும் எந்த ஊர் ஹோட்டலிலும் போய்ப் பார்க்கலாம்.

பெண்ணின் கைக்கும் காசு வந்த இடங்கள் உண்டு. எஸ். மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். சமையலில் கைதேர்ந்தவர். செய்முறை கேட்டு உறவினர்கள் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். குடும்பப் பெரியவர் ஒருவரின் யோசனைப்படி அவற்றைத் தொகுத்து 1951-இல் ‘சமைத்துப் பார்’ என்ற நூலை வெளியிட்டார். தாயை விட்டு, கணவனின் வேலைக்காக வேறு ஊருக்குப் போன பெண்களுக்கு அது வழித்துணையானது. அந்த நூல் ஒரு பிராமணக் குடும்பத்துச் சமையலைத் ‘தமிழ்ச் சமையல்’ ஆக்கியதையும் நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் ஆசிரியரின் வாழ்க்கை ஒன்றைச் சொல்கிறது: அவருடைய சமையல் அறிவுக்குப் பெயரும் விலையும் கிடைத்தது அது வீட்டை விட்டு வெளியே வந்த பிறகுதான். நம் தெருமுனைகளில் அதிகாலையில் இட்லி அவிக்கும் அக்காக்களுக்கும் இது பொருந்தும். அவர்களில் எத்தனை பேர் தனியாகக் குடும்பத்தைச் சுமப்பவர்கள் என்பதை அந்த வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள். ஹோட்டலை விடுகிறோம் என்று நாம் சொல்லும்போது அந்த அக்காவின் இட்லியையும் சேர்த்துத்தான் விடுகிறோம்.

திங்கட்கிழமை இரவு

ஒரு நாடே ஹோட்டலை விட்ட வரலாறும் நமக்கு உண்டு. 1965-இல் உணவுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையை நம்பி இருந்தோம். அதே ஆண்டு பாகிஸ்தானுடன் போரும் வந்தது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை உணவை விடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். அதற்குத் திங்கட்கிழமை இரவு குறிக்கப்பட்டது. பல ஊர்களில் ஹோட்டல்கள் திங்கள் மாலை அடைக்கப்பட்டன. நாட்டுக்குச் சொல்வதற்கு முன் சாஸ்திரி தன் வீட்டில் அதைச் செய்து பார்த்தார் என்று சொல்லப்படுகிறது. இன்று இரவு சமைக்க வேண்டாம், பிள்ளைகள் ஒரு வேளை பசி தாங்குகிறார்களா பார்ப்போம் என்று மனைவியிடம் சொன்னாராம். அப்படியானால் அந்த வீட்டில் நோன்போடு அடுப்புக்கும் ஓய்வு கிடைத்திருக்கிறது.

எங்கள் அம்மாச்சியின் வீட்டில் நடந்தது வேறு. அம்மாவுக்கு அப்போது 12 வயது. தாத்தாவும் மாமாக்களும் திங்கட்கிழமை சோறு உண்பதில்லை என்று உறுதி எடுத்தார்கள். நாட்டுக்காக என்று பெருமையாக ஊரில் சொல்லிக்கொண்டார்கள். சோறு இல்லை என்பதால் அம்மாச்சி சீனிக்கிழங்கு அவித்தார். அது போதாதென்று கேழ்வரகு அடை தட்டினார். அடைக்குச் சட்டினி வேண்டும் என்றார்கள், அம்மியில் அரைத்தார். “மத்த நாள்ல ஒரு பானை சோறு வடிச்சாப் போதும். திங்கக்கெழமைதான் எங்கம்மாவுக்கு இடுப்பு ஒடியும்” என்பார் அம்மா. வெளியூர் வேலையில் இருந்த சின்ன மாமா, மாலையில் ஹோட்டல் மூடிவிட்டதால் திங்கட்கிழமைகளில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவாராம். அவருக்கும் சேர்த்து அடை.

இதை ஒரு குடும்பத்தின் நினைவாக மட்டுமே சொல்கிறேன். சாஸ்திரியின் அழைப்பைக் குறை கூறுவதற்காக அல்ல. பசி பரவிய காலத்தில் உணவைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னது நேர்மையான அழைப்பு. ஆனால் தேசத்தின் நோன்பும் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரும்போது கோவலனின் நோன்பாக மாறிவிடுகிறது.

கருவிகள் வந்த பிறகு

‘இப்போதுதான் எல்லாவற்றுக்கும் மெஷின் இருக்கிறதே, வீட்டில் சமைப்பதில் என்ன கஷ்டம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. 1950-களின் நடுவில் கோயம்புத்தூரில் மாவரைக்கும் கிரைண்டர் உருவானது. 1959-க்குப் பிறகு பிரஷர் குக்கர் இந்தியாவிலேயே தயாராகிக் கடைக்கு வந்தது. பின்னால் மிக்சியும் கேஸ் அடுப்பும் வந்தன. ஆட்டுக்கல்லில் குனிந்து மாவாட்டிய அம்மாச்சியின் முதுகை நினைத்தால் கிரைண்டரைக் கும்பிடத் தோன்றுகிறது. 2011-இல் தமிழ்நாடு அரசு குடும்ப அட்டைதாரப் பெண்களுக்கு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று இலவசமாக வழங்கியபோது நகரத்து ஆண்கள் பலர் கேலி செய்தார்கள். ஆட்டுக்கல்லில் ஒரு நாள்கூட மாவாட்டாதவர்களின் கேலி அது.

கருவி உடல் வலியைக் குறைத்தது. நேரத்தை எவ்வளவு குறைத்தது என்பது வேறு கேள்வி. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் ‘மோர் ஒர்க் ஃபார் மதர்’ என்ற நூலில் இதை ஆராய்ந்தார். வீட்டுக் கருவிகள் வந்தபோது ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகள் முதலில் குறைந்தன என்கிறார். விறகு பிளப்பதும் மாவு அரைத்து வருவதும் அவர்கள் பொறுப்பிலிருந்து போயின. மீதியிருந்த வேலை தாயின் கையில் சேர்ந்தது. கருவி வந்ததால் எதிர்பார்ப்பும் உயர்ந்தது. நம் வீடுகளில் பாருங்கள். கிரைண்டர் வந்த பிறகு இட்லி தீபாவளிப் பலகாரமாக இல்லாமல் தினசரி உணவானது. குக்கர் வந்த பிறகு ஒரு குழம்போடு பொரியலும் கூட்டும் சேர்ந்தன. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையை வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி சொன்னாள்: “எங்க வீட்ல இப்ப மாடுலர் கிச்சன் மேடம். ஆனா உள்ள நிக்கிறது அதே அம்மாதான்.”

அடுப்பைப் பொதுவில் வைத்தபோது

சமையலைக் குறைக்க ஹோட்டலும் கருவியும் மட்டும்தான் வழியா? அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1898-இல் வெளியான ‘விமன் அண்ட் எகனாமிக்ஸ்’ நூலிலேயே, சமையலறை இல்லாத வீடுகளைக் கொண்ட குடியிருப்பையும், அதற்குப் பொதுவான ஒரு சமையற்கூடத்தையும் கற்பனை செய்தார். பிரிட்டன் போர்க்காலத்தில் ஏறக்குறைய அதைச் செய்து பார்த்தது. 1940-இல் குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்காகத் தொடங்கிய பொது உணவுக்கூடங்களுக்கு ‘பிரிட்டிஷ் ரெஸ்டாரண்ட்’ என்ற பெயரைச் சர்ச்சில் விரும்பினார். 1943-இல் அவை 2,000-க்கும் மேல் இருந்தன. ரேஷன் கூப்பன் இல்லாமல் மலிவான விலையில் சூடான உணவு கிடைத்தது. தொழிற்சாலைக்குப் போன பெண்களுக்கு அது பெரிய உதவி. போர் முடிந்து 1947-இல் அந்தத் திட்டமும் முடிந்தது.

நம் ஊரில் இந்தச் சோதனை இன்னும் நீண்டது. காமராசர் காலத்தில் 1956-இல் விரிந்த மதிய உணவு, 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமானது. 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். சமைத்ததும் நடத்தியதும் சுய உதவிக் குழுப் பெண்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்திலும் அப்படியே. இவற்றைப் பசிக்கும் படிப்புக்குமான திட்டங்களாகவே பேசுகிறோம். பெண்களின் நேரத்துக்கான திட்டங்களாகவும் பேச வேண்டும். எங்கள் கல்லூரிக்குத் துப்புரவு வேலைக்கு வரும் ஒரு பெண் சொன்னார்: “பிள்ள பள்ளிக்கூடத்துல சாப்பிட்டுக்கிறான். காலைல அர மணி நேரம் கூடத் தூங்குறேன் டீச்சர்.” அரை மணி நேரத் தூக்கம் எந்த அறிக்கையிலும் பலனாகக் கணக்கிடப்படுவதில்லை.

பொது அடுப்பிலும் குறைகள் உண்டு. அங்கே நிற்பவர்களும் பெரும்பாலும் பெண்களே, குறைந்த ஊதியத்தில். அங்கும் சாதி வருகிறது. 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணை ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். அவரை இடம் மாற்ற உத்தரவு வந்தது. போராட்டத்துக்குப் பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அப்படியிருந்தும், அந்தப் பெண்ணின் சமையலுக்கு ஒரு பதவிப் பெயரும் சம்பளமும் இருந்தன. அநீதி நடந்தபோது எதிர்த்துப் போராட ஓர் உத்தரவுக் காகிதமாவது இருந்தது. வீட்டு அடுப்பில் நடக்கும் அநீதிக்குக் காகிதம் கிடையாது.

எல்லோரும் வீட்டில் சாப்பிட்ட ஆண்டு

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஹோட்டல்களில் உட்கார்ந்து சாப்பிடுவது நின்றது. இந்தியாவின் நடுத்தர வர்க்கம் ஒரே நாளில் வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பியது. ஆண்கள் சமைத்த பிரியாணிப் படங்கள் எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் குவிந்தன. நல்ல மாற்றம் வருகிறது என்று நானும் நம்பினேன். அதே நாட்களில் நான் கைப்பேசியை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்து, ஒரு கையால் தோசை திருப்பிக்கொண்டே ஐங்குறுநூறு நடத்தினேன். மதியச் சாப்பாடு, நாலு மணிப் பலகாரம், இரவு டிபன் என்று ஐந்து பேருக்கான வேளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

அந்த நம்பிக்கைக்கு எண்கள் துணை நிற்கவில்லை. 2019-இல் இந்தியப் புள்ளியியல் துறை நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. ஈடுபட்டவர்களில் பெண்கள் செலவிட்ட நேரம் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அந்தப் பிரியாணிப் படங்களுக்கெல்லாம் பிறகு, 2024-இல் எடுத்த ஆய்வில் பெண்களின் நேரம் 289 நிமிடம், ஆண்களுடையது 88 நிமிடம். பத்து நிமிடம் நமக்குக் குறைந்தது. ஒன்பது நிமிடம் அவர்களுக்கும் குறைந்துவிட்டது.

நீதிமன்றங்கள் இப்போது இந்த உழைப்பைக் கண்டுகொள்ளத் தொடங்கியிருக்கின்றன. விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கு இழப்பீடு கணக்கிடும் வழக்கில் 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்காட்டியது. வீட்டு வேலையே தம் முதன்மை வேலை என்று சொன்ன பெண்கள் ஏறத்தாழ 16 கோடி, ஆண்கள் 58 லட்சத்துக்கும் குறைவு. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் வீட்டு வேலை செய்த மனைவிக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கி, அதற்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயரிட்டது. தொகை சிறியது. உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னது சிறியதல்ல.

மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை

2021-இல் வந்த மலையாளப் படம் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் கணவன் மனைவியை ஹோட்டலுக்கு அழைத்துப் போவான். வீட்டில் மென்ற சக்கையை மேசையிலேயே துப்பிப் போடுகிறவன், ஹோட்டலில் அதைத் தட்டின் ஓரத்தில் ஒழுங்காக வைப்பான். வெளியே வந்தால் இந்த ஒழுங்கெல்லாம் தெரிகிறதே என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். அவனுக்கு வரும் கோபத்தைப் பார்க்க வேண்டும். ஹோட்டலில் துடைப்பவருக்குக் காட்டும் மரியாதையை வீட்டில் துடைப்பவருக்குக் காட்டத் தேவையில்லை என்று அவன் நினைத்திருந்தது அங்கே வெளியே வந்துவிடுகிறது.

வீட்டுச் சாப்பாட்டுக்கு நான் எதிரி இல்லை. சர்க்கரைக்கு வீட்டுச் சோறு நல்லது, பைக்கும் நல்லது. என் கணவர் மூன்று மாதத்தில் கொஞ்சம் இளைத்தார், மருத்துவரும் பாராட்டினார். அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: நோன்பு உங்களுடையது என்றால் அடுப்பிலும் உங்களுக்குப் பங்கு இருக்க வேண்டும். ஒரு தாளில் நாலரை மணி நேரத்தையும் வேலை வேலையாகப் பிரித்து எழுதிக் காட்டினேன். நீளமான பட்டியலைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். அடுத்த வாரத்துக்கு என்ன வேண்டும் என்று நினைவில் வைத்திருப்பதும் ஒரு வேலை என்பதைத்தான் அவரால் எளிதில் ஏற்க முடியவில்லை.

இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு அவர் சமைக்கிறார். மகனும் மகளும் பாத்திரம் துலக்குகிறார்கள். குழம்பு சில நாள் உப்புக் கரிக்கிறது. கொத்தமல்லித்தூள் எங்கே என்று நான் படிக்கும் அறைக்கு வந்து இன்னும் கேட்கிறார். ஒரு ஞாயிறு நான் சமைக்கிறேன். மீதியுள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலுக்கே போகிறோம். 3,600 ரூபாய் மிச்சம் 2,700 ஆகிவிட்டது. அந்த 900 ரூபாயை நான் செலவாக எழுதுவதில்லை.

மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். வரலாறு எழுத ஆவணக் காப்பகத்துக்கு மட்டும்தான் போக வேண்டும் என்றில்லை. உங்கள் அம்மாவிடமும் பாட்டியிடமும் போங்கள். முதல்முதலாக ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது, கூட யார் இருந்தார்கள், எந்த இடத்தில் உட்கார வைத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். உள்ளேயே விடவில்லை என்று சொல்லும் பாட்டிகளும் இருப்பார்கள். போனதே இல்லை என்றும் சிலர் சொல்லலாம். அதையும் தேதியோடு எழுதிவையுங்கள்.

சென்ற மாதம் ஹோட்டலில் அம்மா நெய் ரோஸ்ட் கேட்டு வாங்கினார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மகன் தண்ணீர் கேட்டான். பழக்கத்தில் அம்மா பாதி எழுந்துவிட்டார். பிறகு சுற்றிலும் பார்த்துச் சிரித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். சாம்பார் வாளியோடு வந்தவர் இன்னும் கொஞ்சம் வேணுமாம்மா என்று கேட்டார். வேணும் என்றார் அம்மா.